முப்பத்தொரு நாள் அவகாசம்: அமெரிக்கக் குழு ஆயுள் காப்பீட்டில் மாற்றுரிமையின் வரலாறு

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் ஊழியர் அனைவருக்குமாகச் சேர்த்து ஒரே பாலிசியின் கீழ் எடுத்துத் தரும் ஆயுள் காப்பீடு 'குழு ஆயுள் காப்பீடு' எனப்படுகிறது. அதில் ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முதலாளிக்கும் இடையில்தான் எழுதப்படுகிறது. ஊழியர் அதன் பயனைப் பெறுபவரே தவிர, ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக நிற்பவர் அல்லர். ஆகவே அவர் வேலையை விட்டாலும், வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், காப்பீடு அவரைத் தொடர்ந்து வருவதில்லை. இந்தப் பொதுவிதிக்கு நூறாண்டுக்கு மேலாக ஒரு விலக்கு இருந்துவருகிறது: காப்பீடு முடிந்த நாளிலிருந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பித்து முதல் பிரீமியத்தையும் கட்டினால், மருத்துவப் பரிசோதனை எதுவுமின்றி அதே தொகைக்குத் தம் பெயரில் தனிப் பாலிசி ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளலாம். இதுவே மாற்றுரிமை. தொழிலாளியை வேலையோடு பிணைத்து வைக்கும் கயிறாக விற்கப்பட்ட ஒரு பண்டத்தில், அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும் உரிமையும் எப்படி இடம் பெற்றது, அப்படி இடம் பெற்ற உரிமை ஏன் பெரும்பாலோர் கைக்கு எட்டாமலே போயிற்று என்பவை அந்நாட்டுத் தொழிலுறவு வரலாற்றில் அதிகம் பேசப்படாத கேள்விகள்.

குழுக் காப்பீடு வருவதற்கு முன்பு அமெரிக்கத் தொழிலாளிக்குக் காப்பீடே இல்லாமல் இருக்கவில்லை. 1868இல் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்பவர் தொடங்கிய 'ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்' போன்ற சகோதரச் சங்கங்கள், உறுப்பினர் இறந்தால் மற்றவர்களிடம் வசூலித்து அவர் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்தன. 1875இல் புருடென்ஷியல் நிறுவனமும், நான்காண்டுகள் கழித்து மெட்ரோபாலிட்டன் நிறுவனமும் வாரம் சில சென்ட்டுகளை வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கும் 'தொழிலாளர் காப்பீட்டை' விற்றன. அதில் கிடைத்த தொகை பெரும்பாலும் ஈமச்சடங்குச் செலவுக்குத்தான் போதும் என்றாலும், இறந்தவரை அநாதைப் பிணமாக அடக்கம் செய்யும் அவமானத்திலிருந்து அது குடும்பத்தைக் காத்தது. இந்த இரண்டிலும் இருந்த ஒரு பொதுத்தன்மை கவனிக்கத்தக்கது. உறுப்பினர் எந்த ஆலையில் வேலை பார்த்தாலும், வேலையே இல்லாமல் இருந்தாலும், சந்தா கட்டும் வரை காப்பீடு அவருடையது. ஆளோடு வந்த காப்பீடு அது. வேலையோடு வந்து வேலையோடு போகும் காப்பீடு என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு.

அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆண்டாக 1911ஐக் குறிப்பது வழக்கம். அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதி நியூயார்க்கின் எக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டுச் சங்கம், நியூஜெர்சியின் பஸேயிக் நகரிலிருந்த பேன்டசோட் தோல் நிறுவனத்தின் 121 ஊழியர்களை ஒரே பாலிசியில் காப்பீடு செய்தது. அடுத்த ஆண்டு, அஞ்சல் வழி விற்பனையில் பேர்பெற்ற சிகாகோவின் மான்ட்கமரி வார்டு நிறுவனத்தின் ஏறத்தாழ 2,900 ஊழியர்கள் இதேபோல் சேர்க்கப்பட்டனர். இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் பலர் இங்கிருந்தே எண்ணத் தொடங்குவதும் உண்டு. புதுமை எங்கே இருந்தது என்றால், ஒவ்வொருவரையும் மருத்துவர் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை என்பதில்தான். நாள்தோறும் வேலைக்கு வரும் அளவுக்கு உடல்நலம் உள்ளவர்கள் ஒரு பெருங்கூட்டமாகச் சேரும்போது, அவர்களில் எத்தனை பேர் ஓராண்டில் இறப்பார்கள் என்பதை ஓரளவு துல்லியமாகக் கணிக்க முடியும். காப்பீட்டுக்காக அன்றி வேலைக்காகச் சேர்ந்தவர்கள் என்பதால், நோயாளிகள் மட்டும் தேடி வந்து சேர்ந்துவிடும் அபாயமும் குறைவு. முதலாளி மொத்தமாகப் பணம் கட்டுவதால் வசூல் செலவும் ஏறக்குறைய இல்லை. பாலிசி ஓராண்டுக்கானது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது, சேமிப்பு எதுவும் இல்லாமல் இறப்புக்கு மட்டும் பணம் தருவது. 'டேர்ம்' எனப்படும் இந்தக் கால வரம்புக் காப்பீடுதான் இன்று வரை குழுக் காப்பீட்டின் அடிப்படை.

முதலாளிகளுக்கு இது கருணைப் பணியாக மட்டும் விற்கப்படவில்லை. அக்காலத் தொழிற்சாலைகளின் பெருந்தொல்லை ஆட்கள் நிலைக்காமல் ஓடுவதுதான். பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் தொழிலாளி அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். காப்பீட்டு முகவர்கள் இந்தத் தொல்லைக்கு மருந்தாகவே குழுக் காப்பீட்டை எடுத்துச் சென்றனர்: வேலையை விட்டால் குடும்பத்தின் பாதுகாப்பும் போய்விடும் என்று தெரிந்த தொழிலாளி எளிதில் விலக மாட்டார், வேலைநிறுத்தத்துக்கும் தயங்குவார் என்பது அவர்களின் வாதம். தொழிற்சங்கங்களும் அதை அப்படியேதான் புரிந்துகொண்டன, ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலிருந்த அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு இதைச் சந்தேகத்தோடே பார்த்தது. கூட்டமைப்பினர் 1925இல் 'யூனியன் லேபர் லைஃப்' என்று தங்களுக்கெனத் தனிக் காப்பீட்டு நிறுவனத்தை நிறுவியதற்கு இந்தச் சந்தேகம் ஒரு முக்கியக் காரணம். காப்பீடு உண்மையிலேயே ஆட்களைத் தங்க வைத்ததா என்பது வேறு விஷயம். வாரக்கூலி கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போகிறவரை, தாம் இறந்த பிறகு வரப்போகும் ஆயிரம் டாலர் தடுத்திருக்கும் என்று நம்புவது கடினம். ஆனாலும் விற்றவர்களும் வாங்கியவர்களும் எதிர்த்தவர்களும் அதை ஒரு கட்டுக்கயிறாகவே கருதினர் என்பதில் ஐயமில்லை.

எதிர்ப்பு தொழிற்சங்கங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் ஊழல்களை 1905இல் நியூயார்க் சட்டமன்றத்தின் ஆம்ஸ்ட்ராங் குழு, சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்ற வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை மூலம் வெளிக்கொணர்ந்த பிறகு, காப்பீட்டில் எந்தப் புதுமையும் ஐயத்தோடே பார்க்கப்பட்டது. ஒரே வயதும் ஒரே உடல்நலமும் உடைய இருவரில் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் மலிவு விலையில் காப்பீடு தருவது பாரபட்சம் ஆகாதா என்ற கேள்வி எழுந்தது. தங்கள் உறுப்பினர்களை இழந்துவிடுவோம் என்று அஞ்சிய சகோதரச் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. முதலாளியின் காப்பீட்டை நம்பிச் சங்கச் சந்தாவை நிறுத்திவிட்ட ஒருவர், ஐம்பது வயதில் வேலை போன பின் எங்கே போவார் என்று கேட்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கேட்டவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், கேள்வி நியாயமானது.

மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் மாநாடு 1917இல் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது; நியூயார்க் அதை மறு ஆண்டு சட்டமாக்கியது. குழு என்றால் குறைந்தது 50 ஊழியர்கள் இருக்க வேண்டும், ஊழியரும் பிரீமியத்தில் பங்கு கட்டும் திட்டமாக இருந்தால் தகுதியுள்ளவர்களில் 75 விழுக்காட்டினராவது சேர வேண்டும் என்பன போன்ற வரையறைகளோடு, ஒவ்வொரு குழுப் பாலிசியிலும் கட்டாயம் இருக்க வேண்டிய நிபந்தனைகளையும் அது வகுத்தது. வேலை எக்காரணத்தால் முடிவடைந்தாலும் 31 நாட்களுக்குள் விண்ணப்பிக்கும் ஊழியருக்கு, உடல்நலச் சான்று கேட்காமல், அவருடைய அப்போதைய வயதுக்கும் தொழில் அபாயத்துக்கும் உரிய பிரீமியத்தில், அந்நிறுவனம் வழக்கமாக விற்கும் பாலிசிகளில் டேர்ம் தவிர்த்த ஏதாவது ஒன்றை, முன்பிருந்த காப்பீட்டுத் தொகை அளவுக்கே வழங்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 'எக்காரணத்தால் முடிவடைந்தாலும்' என்ற சொற்களின் வீச்சு பெரிது: தாமே விலகியவர், ஆட்குறைப்பில் போனவர், வேலைநிறுத்தம் செய்து நீக்கப்பட்டவர் என்ற வேறுபாடு அதில் இல்லை.

அந்தச் சட்டம் தொழிலாளியின் கையில் கொடுத்த தாளையும் இங்கே கவனிக்க வேண்டும். மூலப் பாலிசி முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். தொழிலாளிக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டுமே. அதில் அவருடைய காப்பீட்டின் விவரம், பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பது, வேலை முடிந்தால் அவருக்குள்ள மாற்றுரிமை ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆக, உரிமையைப் பற்றிய அறிவிப்பு உரிமையோடேயே பிறந்துவிட்டது. ஆனால் அது வேலையில் சேரும்போது கொடுக்கப்பட்ட அறிவிப்பு. மனைவியின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்த அந்தத் தாளை, பத்தோ பதினைந்தோ ஆண்டுகள் கழித்து வேலை போன வாரத்தில் எடுத்துப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இதற்குப் பின் நூறாண்டுகளாக நடந்த வழக்குகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை.

மாற்றுரிமைக்கு மிகப்பெரிய சோதனைக்களமாக அமைந்தது ஆலை அன்று, போர்ப்படை. 1917 அக்டோபரில் திருத்தப்பட்ட போர் அபாயக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, முதல் உலகப் போரில் சேர்ந்த ஒவ்வொரு படைவீரரும் 10,000 டாலர் வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் காப்பீட்டை அரசிடமே வாங்கலாம். போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்குள் அதை மருத்துவப் பரிசோதனையின்றி நிரந்தரப் பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர். அவகாசம் 31 நாட்கள் அல்ல, ஐந்து ஆண்டுகள். விற்பனை முகவருக்குத் தரகும் இல்லை, நிர்வாகச் செலவும் அரசுடையது. ஆனாலும் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் காப்பீட்டைக் கைவிட்டனர். படையில் இருந்தபோது பிரீமியம் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. ஊர் திரும்பிய பிறகு மாதந்தோறும் தாமே வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தொடர்ந்து கட்டுங்கள் என்று அரசே பிரசாரம் செய்தும் பலன் சொற்பம்தான். சம்பளப் பிடித்தம் நின்றவுடன் காப்பீடு நின்றுபோவதற்கு அவகாசக் குறைவு மட்டுமே காரணமன்று என்பதை இந்த அனுபவம் அன்றே காட்டிவிட்டது.

1920களில் குழுக் காப்பீடு வெகு வேகமாகப் பரவியது. நாடு முழுவதும் நடப்பிலிருந்த குழு ஆயுள் காப்பீட்டின் மொத்தத் தொகை 1920இல் ஏறத்தாழ 160 கோடி டாலர். 1930இல் அது 980 கோடியை நெருங்கியது. அதன் பின் வந்த பெருமந்தம் லட்சக்கணக்கானோரை ஒரே நேரத்தில் தெருவுக்கு அனுப்பியபோது, எளிய சொற்களில் எழுதப்பட்டிருந்த அந்த நிபந்தனை எத்தனை சிக்கல் நிறைந்தது என்பது வெளிப்பட்டது. தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் வேலை முடிந்ததா, இல்லையா? 31 நாட்கள் எந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும்? வேலை போய்ப் பத்தாம் நாளில், விண்ணப்பம் எதுவும் போடாமலே ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? கடைசிக் கேள்விக்குப் பல நீதிமன்றங்கள் தந்த பதில் கடுமையானது: மாற்றுரிமை என்பது காப்பீட்டை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பே தவிரக் காப்பீடு அன்று, வாங்காமல் இறந்தவருக்கு எதுவும் இல்லை.

இந்தக் கடுமையை 1946ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் போக்கியது. மாற்றிக்கொள்ளும் அவகாசத்துக்குள் இறப்பு நேர்ந்தால், விண்ணப்பித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றிக்கொள்ளத் தகுதியிருந்த தொகையைக் குழுப் பாலிசியிலிருந்தே வழங்க வேண்டும் என்று அது விதித்தது. இதனால் 31 நாட்கள் என்பது வெறும் கெடுவாக இல்லாமல் ஒரு மாத இலவசக் காப்பீடாகவும் ஆயிற்று. ஊழியர் அப்படியே இருக்க முதலாளி குழுப் பாலிசியையே நிறுத்திவிடும் சூழலுக்கும் அச்சட்டம் வழி சொன்னது. ஆனால் இங்கே தாராளம் குறைவு. குறைந்தது ஐந்தாண்டுகள் அந்தப் பாலிசியில் இருந்தவர் மட்டுமே மாற்றிக்கொள்ளலாம். தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. பின்னாளில் இந்த உச்சவரம்பு 10,000 டாலராக உயர்ந்தது. வேலையை இழந்தவருக்கு முழுத் தொகை, பாலிசியை இழந்தவருக்குச் சொற்பத் தொகை என்ற இந்த வேறுபாட்டை ஊழியர் தரப்பிலிருந்து நியாயப்படுத்துவது கடினம். ஆலையே மூடப்பட்டால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வந்து நிற்பார்கள் என்ற காப்பீட்டு நிறுவனங்களின் அச்சம்தான் அதன் பின்னணி.

அந்த அச்சத்துக்குக் கணக்கியல் அடிப்படை உண்டு. மருத்துவப் பரிசோதனை இல்லாமல் காப்பீடு கிடைக்கும் என்றால், வெளியே எங்கும் காப்பீடு கிடைக்காத நோயாளிதான் முதலில் வருவார். உடல்நலமுள்ளவர் வெளியே மலிவாக வாங்கிக்கொள்வார். காப்பீட்டுத் துறையில் இதை 'எதிர்த்தேர்வு' என்பர். மாற்றிக்கொண்டவர்களின் இறப்பு விகிதம் வழக்கத்தைவிட அதிகம் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஈடாக ஒரு கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் குழுப் பாலிசியின் கணக்கில் எழுதின. அதாவது வேலையில் தொடர்கிறவர்களின் பிரீமியத்திலிருந்தே வெளியேறுகிறவரின் உரிமைக்கு விலை கொடுக்கப்பட்டது.

அப்படியும் வெளியேறுகிறவர் கட்ட வேண்டிய தொகை மலைக்க வைப்பதாகவே இருந்தது. குழு டேர்ம் காப்பீட்டின் மதிப்பை வரிக்காகக் கணிக்க அமெரிக்க வருவாய்த் துறை 1999 முதல் பயன்படுத்தும் அட்டவணையின்படி, ஆயிரம் டாலர் காப்பீட்டின் மாத மதிப்பு 45 முதல் 49 வயது வரை 15 சென்ட். 60 முதல் 64 வயது வரை 66 சென்ட். 50,000 டாலர் காப்பீட்டுக்கு முதலாமவருக்கு மாதம் ஏழரை டாலர், இரண்டாமவருக்கு 33 டாலர் என்று கணக்கு வரும். அந்தந்த வயதுக்குரிய இறப்பு அபாயத்துக்கு மட்டுமே இந்த விலை. மாற்றுரிமையில் கிடைப்பதோ வாழ்நாள் முழுவதற்கும் ஒரே பிரீமியம் கட்டும் முழு ஆயுள் பாலிசி. எண்பது வயதின் அபாயத்துக்கும் ஐம்பது வயதிலேயே முன்கூட்டிச் சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பதால் அதன் விலை பல மடங்கு. மேலும், வேலையில் இருந்தவரை பலருக்கு இந்தக் காப்பீடு முழுக்க முதலாளி செலவு. 1964ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்துக்குப் பிறகு முதல் 50,000 டாலர் காப்பீட்டுக்கு முதலாளி கட்டும் பிரீமியத்துக்கு ஊழியரிடம் வருமான வரியும் இல்லை. இலவசமாக இருந்த ஒன்றுக்குச் சம்பளம் நின்ற மாதத்தில் இத்தனை பெரிய தொகையைக் கட்டு என்றால் கட்டுகிறவர் யார்? சாவு நெருங்கிவிட்டதென்று அறிந்தவரைத் தவிர வேறு எவரும் பெரும்பாலும் கட்டவில்லை. ஆகவே மாற்றுரிமை நடைமுறையில் நோயாளியின் உரிமையாகச் சுருங்கியது. அந்த அளவில் அது விலைமதிப்பற்ற உரிமை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூட்டு பேரத்தின் பொருள்களில் குழுக் காப்பீடும் அடங்கும் என்று 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததை அடுத்து, முன்பு சந்தேகித்த தொழிற்சங்கங்களே அதைக் கேட்டு வாங்கத் தொடங்கின. ஐசனோவர் ஆட்சியில் 1954 ஆகஸ்டில் நடுவண் அரசு ஊழியர்களுக்கான குழு ஆயுள் காப்பீட்டுச் சட்டம் வந்தது. விலகுகிறவருக்கு 31 நாள் இலவச நீட்டிப்பும் மாற்றுரிமையும் அதில் இருந்தன. ஓய்வு பெறுகிறவருக்கோ, காப்பீடே உடன் வந்தது, 65 வயதுக்குப் பின் அடிப்படைத் தொகை படிப்படியாகக் கால் பங்காகக் குறையும் என்ற நிபந்தனையோடு. படைவீரர்களுக்கு இதைவிட நல்ல வழி பிறந்தது. 1965இல் தொடங்கிய அவர்களுடைய குழுக் காப்பீடு படையிலிருந்து விலகிய பின் 120 நாட்கள் இலவசமாகத் தொடரும். 1974இல் உருவான முன்னாள் படைவீரர் குழுக் காப்பீட்டுக்கு அதிலிருந்து மாறலாம். இப்போதைய விதிப்படி 240 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் உடல்நலம் பற்றிய கேள்வி இல்லை. 1917இன் அனுபவத்திலிருந்து அரசு பாடம் கற்றிருந்தது எனலாம்.

தனியார் துறையில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1980களிலிருந்து, முதலாளி தருவதற்கு மேலாக ஊழியர் தம் செலவில் கூடுதலாக வாங்கும் காப்பீடு பெருகியபோது, வேலையை விட்ட பிறகும் அதே டேர்ம் காப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கட்டித் தொடரும் வசதியும் சேர்ந்தது. 'போர்ட்டபிலிட்டி' எனப்படும் இந்த உடன்கொண்டு செல்லும் வசதி மாற்றுரிமையைவிட மிக மலிவு. ஆனால் அது மாற்றுரிமையைப் போலச் சட்டம் பொதுவாக விதித்த உரிமையன்று. பாலிசியில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. வயது வரம்பு உண்டு. நோய் காரணமாக வேலையை விட்டவருக்குப் பல பாலிசிகளில் இது மறுக்கப்படும். வேலையிழந்தவர் குழு மருத்துவக் காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் 'கோப்ரா' சட்டம் ஆயுள் காப்பீட்டுக்கும் பொருந்தும் என்று நம்பிப் படிவத்துக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்களும் உண்டு. அச்சட்டத்துக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் தொடர்பே இல்லை.

சான்றிதழில் விட்டுப்போன இடைவெளியைச் சட்டம் மெதுவாகத்தான் அடைத்தது. கெடு முடிவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் மாற்றுரிமை பற்றி ஊழியருக்கு அறிவிக்காவிட்டால், அறிவித்த நாளிலிருந்து 15 நாட்கள் கூடுதல் அவகாசம் தர வேண்டும் என்பது ஆணையர்களின் மாதிரிச் சட்டத்தில் உள்ள விதி. ஆனால் மூலக் கெடு முடிந்து 60 நாட்கள் கடந்துவிட்டால், அறிவிப்பே வராவிட்டாலும் கதவு மூடிவிடும். இது எல்லா மாநிலங்களிலும் ஒரேபோல் இல்லை. 1974இல் வந்த ஊழியர் ஓய்வூதியச் சட்டம் முதலாளியின் நலத்திட்டங்களை நடுவண் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த பின், தவறான தகவல் தந்த முதலாளியிடம் குடும்பத்தினர் எதைக் கேட்கலாம் என்பது நெடுநாள் தெளிவாகாமல் இருந்தது. 2011இல் 'சிக்னா எதிர் அமாரா' என்ற ஓய்வூதிய வழக்கில், திட்டப் பொறுப்பாளரின் தவறால் ஏற்பட்ட இழப்பைப் பணமாகவே ஈடுசெய்யச் சொல்ல நீதிமன்றங்களால் முடியும் என்று உச்ச நீதிமன்றம் கோடிகாட்டியது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதை ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்குக்கும் நீட்டித்தது.

அமெரிக்கத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் எச்1பி விசாவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்த வரலாறு தொலைவானதன்று. 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்த விதிப்படி, வேலை போனால் வேறு வேலை தேட அவர்களுக்குள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள். அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் எண்ணுகிறவர்கள், அதற்குப் பாதியில் முடிந்துவிடும் இன்னொரு கணக்கும் கூடவே ஓடுவதை அறிவது அரிது. அந்தக் கணக்கு தொடங்குவது மனிதவளத் துறையின் கடிதம் வந்து சேரும் நாளிலிருந்து அன்று; குழுக் காப்பீடு முடியும் நாளிலிருந்து. அது சில நிறுவனங்களில் கடைசி வேலை நாள், வேறு சிலவற்றில் அந்த மாதத்தின் கடைசி நாள். எது என்பது சேர்ந்த அன்று கொடுத்த சான்றிதழில் எழுதியிருக்கும்.